டாட்டூ அழிக்கும் லேசரை டாக்டர் கையில் மட்டும் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர்கள் உண்டு என்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு ஓட்டம், புல்அப்ஸ், நீளம் தாண்டுதல் என்று ஆள்சேர்ப்புக்கான பயிற்சி கொடுத்து வருகிறேன். ஓட்டத்தில் தோற்றவன் அடுத்த வருஷம் ஓடிக் காட்டுவான், எழுத்துத் தேர்வில் கோட்டைவிட்டவன் உட்கார்ந்து படிப்பான், அதையெல்லாம் சரி செய்துவிடலாம். எல்லாவற்றிலும் தேறி, கடைசியில் மெடிக்கலில் கையில் இருக்கும் டாட்டூவுக்காகத் திருப்பி அனுப்பப்படும் பையனைத்தான் என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியவில்லை. அதைவிடப் பெரிய வேதனை, அந்த டாட்டூவை அவசர அவசரமாக அழிக்கப் போய்க் கையைப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்ப்பது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேருக்கு அது தெரியவே இல்லை. சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், சிஐஎஸ்எஃப் போன்ற மத்தியப் படைகளில் பெயரோ சாமி படமோ குத்தியிருப்பதற்குத் தடை கிடையாது. எங்கே குத்தியிருக்கிறது, எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். இடது முன்கையின் உள்பக்கம் அல்லது புறங்கை, அதுவும் அந்தப் பகுதியில் கால்வாசிக்கும் குறைவாக இருக்க வேண்டும். வலது கை சல்யூட் அடிக்கும் கை என்பதால் அந்த முன்கையில் இருந்தால் பிரச்சினைதான். ராணுவத்திலும் முன்கையின் உள்பக்கம், புறங்கை ஆகிய இடங்களுக்குத்தான் பொதுவான அனுமதி, பழங்குடியினருக்கு அவர்களுடைய வழக்கத்தை ஒட்டி விலக்கு உண்டு. டாட்டூவால் நிராகரிக்கப்பட்டு டெல்லி உயர் நீதிமன்றம் வரை போன இளைஞர்களும் இருக்கிறார்கள். ஆனால் திருவிழாக் கடையிலும் மாலிலும் பதினாறு, பதினேழு வயதில் கையை நீட்டும் பையனிடம், வலது கையா, இடது கையா, என்ன வேலைக்குப் போகப் போகிறாய் என்று யார் கேட்கிறார்கள்?

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பையனின் வலது முன்கையில் அம்மா என்று எழுதி, சுற்றிலும் சிவப்பும் பச்சையுமாகப் பூ போட்டிருந்தது. அவன் அம்மா கூலி வேலை செய்து படிக்க வைத்தவர். ஆசையாகக் குத்திக்கொண்டது, அதில் அவனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆள்சேர்ப்பு அறிவிப்பு, அதாவது நோட்டிஃபிகேஷன் வந்ததும் பயந்துபோய் டவுனில் ஒரு பியூட்டி பார்லருக்குப் போயிருக்கிறான். லேசர்தான், மூன்றே சிட்டிங்கில் சுத்தமாகப் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் யாரும் இல்லை, கண்ணுக்குக் கண்ணாடி கொடுக்கவில்லை, மரத்துப்போக க்ரீம் தடவவில்லை. முடி எடுக்கும் மெஷினையே வைத்துச் சுட்டிருக்கிறார்கள் என்பது பிறகு தோல் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கு அந்தக் கையில் அம்மா என்ற எழுத்து அரைகுறையாக மங்கியிருக்கிறது, ஆனால் அதே எழுத்தின் வடிவத்தில் தோல் தடித்து, பளபளவென்று மேலே எழும்பி நிற்கிறது. விரலால் தடவினால் கண்ணை மூடிக்கொண்டே படித்துவிடலாம். கெலாய்டு என்கிறார்கள். டாட்டூ ஒரு காரணமாக இருந்தது போய் இப்போது தழும்பும் சேர்ந்துகொண்டது.

அந்த டாக்டரிடம் உட்கார்ந்து விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். டாட்டூ மை மேல்தோலுக்குக் கீழே, நடுத்தோலில் இருக்கிறது. அங்கே இருக்கும் ஒரு வகை உயிரணுக்கள் அந்த மையை விழுங்கிப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் வருஷக்கணக்கில் அழியாமல் நிற்கிறது. டாட்டூ அழிக்கப் பயன்படும் க்யூ-ஸ்விட்ச்டு லேசர் என்பது ஒரு வினாடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்கு நேரத்துக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சி, மையை மட்டும் தூள் தூளாக உடைக்கிறது, சுற்றியிருக்கும் தோலுக்குச் சூடு பரவ நேரமே கொடுப்பதில்லை. பிகோ லேசர் அதைவிடவும் வேகம். முடி எடுக்கும் மெஷின்கள் அடிக்கும் நேரம் இதைவிடப் பல லட்சம் மடங்கு அதிகம், சூடு அப்படியே தோலில் இறங்கிவிடும், அதனால்தான் வெந்துபோகிறது. ஆக, இரண்டு பெட்டியிலும் லேசர் என்று எழுதியிருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். லேசர் மையை உடைக்க மட்டும்தான் செய்கிறது, வெளியேற்றுவது நம் உடம்பு. உடைந்த துகள்களை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக நிணநீர் வழியாக எடுத்துக்கொண்டு போக வேண்டும், அதனால் ஒரு சிட்டிங்குக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆறிலிருந்து எட்டு வாரமாவது இடைவெளி விடுகிறார்கள். எட்டு சிட்டிங் தேவைப்படும் டாட்டூ என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு வருஷம் ஓடிவிடும். மெடிக்கலில் நிராகரித்த பிறகு மறுபரிசோதனைக்குள் அழித்துவிடலாம் என்று கிளம்புவது நடக்காத காரியம். மூன்றே சிட்டிங், ஒரே மாதம் என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும். கறுப்பு மை சீக்கிரம் போகும், பச்சையும் நீலமும் அடம்பிடிக்கும், அதற்கு வேறு அலைநீளம் வேண்டும். வெள்ளை மையும் தோல் நிற மையும் லேசர் பட்டதும் கறுத்துப்போகவும் கூடும். நம்மைப் போன்ற மாநிறம், கறுப்புத் தோலில் மையோடு சேர்த்துத் தோலின் நிறமியும் லேசரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் 1064 நானோமீட்டர் அலைநீளம் உள்ள லேசரில், சக்தியைக் குறைத்து வைத்துத் தொடங்குகிறார்கள், அப்படியும் அந்த இடம் கறுத்துப்போகலாம் அல்லது வெளுத்துப்போகலாம். வெயில் பட்டுக் கறுத்த தோலில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். எங்கள் பையன்கள் தினமும் மைதானத்தில் வெயிலில் ஓடுகிறவர்கள், அதனால் சிகிச்சை எடுக்கும் காலத்தில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு விடியற்காலையிலேயே ஓட்டத்தை முடிக்கச் சொல்கிறேன்.

லேசருக்குப் பணம் இல்லாதவர்கள் செய்வது இன்னும் கொடுமை. சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் குழைத்துப் பூசுகிறார்கள், உப்பை வைத்து ரத்தம் வரும்வரை தேய்க்கிறார்கள், ஆன்லைனில் வரும் ஆசிட் க்ரீமை வாங்கித் தடவுகிறார்கள். இவற்றால் தோல்தான் வேகும், மை ஆழத்தில் அப்படியே இருக்கும்.

2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் நாக்கைப் பிளந்துவிட்ட விவகாரம் வெளியே வந்தபோது கைது நடந்தது, கடைக்கு சீல் வைத்தார்கள், மாநிலம் முழுக்கப் பேசினோம். லேசரால் கையைச் சுட்டுவிடுவது மட்டும் ஏன் யார் கண்ணிலும் படவில்லை? தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 1997-லேயே சட்டம் போட்டாயிற்று. லேசரால் டாட்டூ அழிப்பது மருத்துவ சிகிச்சை, அதை டாக்டர் இல்லாத பார்லரிலும் டாட்டூ கடையிலும் செய்யக்கூடாது என்று சுகாதாரத் துறை தெளிவாக ஒரு உத்தரவு போட வேண்டும், மாவட்ட அளவில் அதிகாரிகள் போய் எந்த மெஷின், யார் இயக்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

தடுத்தால் மட்டும் போதாது, ஏழைப் பையன்கள் எங்கே போவார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். தனியார் கிளினிக்கில் ஒவ்வொரு சிட்டிங்குக்கும் ஆயிரக்கணக்கில் ஆகிறது, கூலி வேலை செய்யும் வீட்டில் அதை எட்டு தடவை கட்ட முடியாது. எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவிலும் ஒரு க்யூ-ஸ்விட்ச்டு லேசர் வாங்கி வைத்து, வாரத்தில் ஒரு நாளாவது குறைந்த கட்டணத்தில் செய்து கொடுக்கலாம். படைக்குப் போகும் பையன்களுக்கு மட்டுமா இது உதவும்? பிரிந்துபோனவன் பெயரைக் கையில் சுமந்துகொண்டு, சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மறைக்கும் பெண்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

படைத் தேர்வு எழுத நினைக்கும் தம்பிகள் இன்றைக்கே கையைப் பாருங்கள். விதிக்குள் வராத டாட்டூ இருந்தால் நோட்டிஃபிகேஷனுக்காகக் காத்திருக்காமல், ஒரு வருஷம் முன்னதாகவே அரசு மருத்துவமனை தோல் மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள். காயம் ஏற்பட்டால் எழும்பித் தடிக்கும் தோல் உங்களுக்கு உண்டா என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவ வீரர் ஒருவர்,
வேலூர் மாவட்டம்