'ஆனால்' என்ற சொல்லையும் அதற்குப் பின்னால் நான் எழுதியதையும் திருப்பித் தாருங்கள்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு
நகல்: டிஜிட்டல் மார்க்கெட்டிங் பிரிவு

பொருள்: என் ரிவியூவை வெட்டி, என் படத்தை நறுக்கி, என்னைக் கேட்காமல் விளம்பரமாக்கியது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

உங்கள் நிறுவனத்திடம் ஆன்லைனில் ஒரு முதுகுப்பை வாங்கியவள் நான். ஆர்டர் எண்ணும், இதுவரை நீங்கள் கொடுத்த மூன்று டிக்கெட் எண்களும் இந்த மின்னஞ்சலின் தலைப்பிலேயே இருக்கின்றன. பையைப் பற்றிய புகாரை எப்போதோ எழுதிவிட்டேன். அந்தப் புகாரை நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் இப்போதைய புகார்.

உங்கள் தளத்தில் நான் எழுதிய ரிவியூவை ஓர் எழுத்தும் மாறாமல் கீழே தருகிறேன்:

"பை பார்க்கப் பாந்தமாக இருக்கிறது, மடிக்கணினி வைத்த பிறகும் இடம் தாராளம், ஆனால் மூன்றாவது மாதமே பெரிய அறையின் ஜிப் பல் விட்டுவிட்டது. ரன்னரை இழுத்தால் ரன்னர் மட்டும் போகிறது, ஜிப் பின்னாலேயே பிளந்துகொள்கிறது. மழையில் தூக்கிக்கொண்டு போகவே முடியாது."

இரண்டு நட்சத்திரம் கொடுத்திருந்தேன். கூடவே ஒரு படம். பையை ஜன்னலோரமாகத் தரையில் நிறுத்தி, வாய்பிளந்த ஜிப் வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும்படி எடுத்த படம். பின்னால் இருந்த சுவரில் என் மகனின் உயரத்தை வருடா வருடம் பென்சிலால் குறித்த கோடுகளும், மேல் கோட்டுக்குப் பக்கத்தில் அவன் கையாலேயே எழுதிய அவன் பெயரும் இருந்தன. ரிவியூ பக்கத்தின் மூலையில் சின்னதாகக் கிடக்கப்போகிற படம்தானே என்று அதைப் பெரிதாக நினைக்கவில்லை. என் தவறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் மகள் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். "அத்தை, நீங்க எப்போ மாடல் ஆனீங்க?" என்று கேட்டு, நாலைந்து சிரிப்பு முகங்கள். பார்த்தால் என் ஜன்னல், என் தரை, என் பை. ஜிப் இருந்த வலது பக்கத்தைக் காணோம், கச்சிதமாக கிராப் செய்திருக்கிறீர்கள். இடது பக்கச் சுவர் அப்படியே இருக்கிறது, மகனின் பெயரோடு. ஃபில்டர் போட்டு வெளிச்சத்தைக் கூட்டியதில் பென்சில் எழுத்து நேரில் இருப்பதைவிடத் தெளிவாகத் தெரிகிறது. மேலே மஞ்சளில் ஐந்து நட்சத்திரம். கீழே இப்படி ஒரு வாசகம்:

"பை பார்க்க பாந்தமாக இருக்கிறது, மடிக்கணினி வைத்த பிறகும் இடம் தாராளம்!" – எங்கள் மகிழ்ச்சியான வாடிக்கையாளர்.

நான் பிழை திருத்துவதைத் தொழிலாகக் கொண்டவள். பதினைந்து வருடமாக அடுத்தவர் எழுத்தில் கைவைத்துத்தான் சாப்பிடுகிறேன், அதனால் வெட்டு எங்கே விழுந்தது என்பது என் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். 'தாராளம்' என்ற சொல்லுக்குப் பிறகு நான் போட்டது காற்புள்ளி. வாக்கியம் இன்னும் முடியவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டு 'ஆனால்' என்று தொடரப்போகிறேன் என்பதற்கான புள்ளி அது. அதை எடுத்துவிட்டு ஆச்சரியக்குறி போட்டிருக்கிறீர்கள். மேற்கோள் குறிக்குள் இருக்கும் சொற்களை நான் சொன்னதாகத்தான் படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். வெட்டிய இடத்தில் மூன்று புள்ளி வைக்கும் வழக்கம் எதற்காக இருக்கிறது? அதைக்கூடச் செய்யவில்லை. போகிற போக்கில் 'பார்க்கப்' என்பதில் இருந்த 'ப்' என்ற ஒற்றையும் தின்றுவிட்டீர்கள். இதற்கு நஷ்ட ஈடு கேட்கப் போவதில்லை, பயப்பட வேண்டாம்.

சரி, அனுமதி விஷயத்துக்கு வருகிறேன். ரிவியூ போட்ட அடுத்த வாரம் உங்கள் சமூக ஊடகக் கணக்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. படம் மிகவும் பிடித்திருக்கிறதாம், பகிர்ந்துகொள்ளலாமா, சம்மதம் என்றால் ஒரு ஹேஷ்டேக் போட்டுப் பதில் எழுத வேண்டுமாம். வாய்பிளந்த ஜிப்பின் படம் இவர்களுக்கு ஏன் பிடிக்க வேண்டும் என்று யோசித்துவிட்டு, பதில் போடாமல் விட்டுவிட்டேன். உங்கள் ஊழியரிடம் இதைச் சொன்னபோது, நான் கணக்குத் தொடங்கும்போதே 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பெட்டியை டிக் செய்துவிட்டதாகவும், உலகளாவிய, ராயல்டி இல்லாத, திரும்பப் பெற முடியாத உரிமம் உங்களிடம் இருப்பதாகவும் எழுதினார். அப்படியானால் ஹேஷ்டேக் போடச் சொல்லிக் கேட்டது எதற்கு? உரிமை கையில் இருக்கிறவர் வந்து அனுமதி கேட்பாரா? பதில் வராததும், பழைய பெட்டியை எடுத்து நீட்டுகிறீர்கள்.

அந்த உரிமத்தை நான் வரிவரியாகப் படித்தேன். காட்டலாம், நகலெடுக்கலாம், அளவு மாற்றலாம் என்று இருக்கிறது. சொன்னவர் கருத்தைத் தலைகீழாக மாற்றலாம் என்று எங்கேயும் இல்லை. படைப்பாளிகளின் பதிப்புரிமைக்காக 1886இல் கையெழுத்தான பெர்ன் உடன்படிக்கையில் இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. எழுதியவருடைய பெயருக்குக் களங்கம் வரும்படி அவர் படைப்பைச் சிதைத்தால் அதை எதிர்க்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதை 1928இல் ரோமில் நடந்த திருத்தத்திலேயே அதில் சேர்த்துவிட்டார்கள். ஒரு ஜிப் ரிவியூவுக்குப் பெர்ன் உடன்படிக்கையா என்று சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. ஆனால் என் பெயருக்கு என்ன களங்கம் வந்தது என்பதைக் கேளுங்கள்.

என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருவர் அந்த விளம்பரத்தைப் பார்த்திருக்கிறார். சுவரில் இருந்த மகனின் பெயரை வைத்து அது என் வீடு என்று கண்டுபிடித்து, "இவளே சொல்லிவிட்டாள், அப்புறம் என்ன" என்று தனக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என இரண்டு பை வாங்கிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் என்ன, நான்தான் ஏற்கெனவே 'சொல்லிவிட்டேனே'. இப்போது அவருடைய பையிலும் ரன்னர் சிக்க ஆரம்பித்திருக்கிறது. முந்தாநாள் மதிய இடைவேளையில் பையை என் மேசைமேல் வைத்து, "நீ நல்லா இருக்குன்னு சொன்னியேம்மா" என்றார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் போனை எடுத்து என் பழைய ரிவியூவைக் காட்டலாம் என்று உங்கள் தளத்தைத் திறந்தேன். அங்கே அது இல்லை. என் கணக்கில் நுழைந்து பார்த்தால் 'பரிசீலனையில் உள்ளது' என்று இருக்கிறது. மாதக்கணக்கில் வெளியே இருந்த ரிவியூவுக்கு இப்போது என்ன பரிசீலனை? அதை அவரிடம் எப்படி விளக்குவேன்? வேண்டாத கதை சொல்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார்.

விளம்பரத்தின் கீழேயே போய் உண்மையை எழுதிவிடலாம் என்று அன்றிரவு முயன்றேன். "இது என் படம். ஜிப் மூன்றே மாதத்தில் போய்விட்டது" என்று இரண்டே வரி. என் போனில் அது தெரிந்தது. மறுநாள் தோழியின் போனில் தேடினோம், தெரியவில்லை. அதே இடத்தில் யாரோ ஒருவர் "ஜிப் ஸ்ட்ராங்கா இருக்குமா?" என்று கேட்டதற்கு உங்கள் கணக்கிலிருந்து இதயம் போட்டுப் பதில் போயிருக்கிறது, படம் எடுத்தவரையே கேளுங்கள் என்று. அந்தப் 'படம் எடுத்தவரின்' வாயைத்தான் மறைத்து வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் உதவிப் பிரிவோடு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். முதல் டிக்கெட்டை மனிதர் யாரும் பார்க்காமல் தானாகப் பதில் சொல்லும் ஒரு பாட் நிரல் மூடியது. இரண்டாவதில், "உங்கள் அன்பான கருத்துக்கு நன்றி" என்று வந்தது. மூன்றாவதில் ஒரு மனிதர் வந்தார். விளம்பரம் ஓடுவது தன் பிரிவு இல்லை என்றார், அதை நான் நம்புகிறேன். கடைசியில், ரிவியூவை ஐந்து நட்சத்திரமாக மாற்றி எழுதினால் அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருவதாகச் சொன்னார். விளம்பரத்தில்தான் ஏற்கெனவே ஐந்து ஆகிவிட்டதே, அதற்கு ரசீது கேட்கிறாரா என்று எனக்குத் தோன்றியது.

வாடிக்கையாளர் எடுக்கும் படங்களுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஸ்டுடியோவில் விளக்குப் போட்டு எடுத்த பையைவிட, யாரோ ஒருவர் வீட்டுத் தரையில் கிடக்கும் பையைத்தான் ஜனங்கள் நம்புகிறார்கள். செலவும் கிடையாது. அந்த நம்பிக்கை வருவதே, இவள் காசு வாங்காதவள், பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லக்கூடியவள் என்பதால்தான். குறை சொல்லும் வாயை வெட்டிவிட்டு, மீதியின் நம்பகத்தன்மையை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள். என் பென்சில் கோடுகள் உங்கள் விளம்பரத்துக்கு 'நிஜமான வீடு' என்ற முத்திரையாகப் பயன்பட்டிருக்கின்றன.

நான் எந்த நாட்டில் இருக்கிறேன் என்பது இருக்கட்டும், நீங்கள் பல நாடுகளில் விற்கிறீர்கள். அமெரிக்காவில் நுகர்வோரை ஏமாற்றும் வணிகத்தைத் தடுக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் வெளியிட்டிருக்கும் பரிந்துரை விளம்பர வழிகாட்டுதலில், ஒருவர் சொன்னதைச் சூழலிலிருந்து பிரித்தோ, அவர் கருத்து திரியும்படி வேறு வார்த்தையில் மாற்றியோ காட்டக்கூடாது என்று நேரடியாகவே இருக்கிறது. எனக்கு நடந்ததை யாரோ பக்கத்தில் நின்று பார்த்து எழுதியது மாதிரி இருந்தது. நான்கு நட்சத்திரத்துக்குக் குறைவான ரிவியூக்களை வெளியிடாமல் நிறுத்திவைத்ததாக எழுந்த குற்றச்சாட்டில், ஃபேஷன் நோவா என்ற ஆடை நிறுவனம் 2022இல் அதே கமிஷனிடம் 42 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. நல்லவிதமாக எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு ரிவியூவுக்குச் சன்மானம் கொடுப்பதை அந்தக் கமிஷனின் புதிய விதி 2024 அக்டோபர் 21 முதல் தடை செய்கிறது. உங்கள் கூப்பன் மனிதரிடம் இதைச் சொல்லிவையுங்கள், அவர் வேலைக்கு ஆபத்து வர வேண்டாம். ஐரோப்பாவிலோ, 2018 முதல் நடைமுறையில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, தன்னைப் பற்றிய தகவலை நீக்கச் சொல்லிக் கேட்க ஒருவருக்கு உரிமை உண்டு. அந்தச் சுவரில் இருப்பது பத்து வயதுப் பையனின் பெயர். பெட்டியை டிக் செய்தது நான்தான், அவன் எதையும் டிக் செய்யவில்லை.

ஆகவே எனக்கு வேண்டியது இது. அந்த விளம்பரத்தை எல்லா இடத்திலிருந்தும் நிறுத்துங்கள். உங்கள் பக்கத்தில் இருப்பதை மட்டும் அழித்துவிட்டு, பக்கத்தில் காட்டாமல் குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும் ஓட்டும் விளம்பரங்களை விட்டுவைக்க வேண்டாம். அப்படி ஓடுவதைத்தான் என் அண்ணன் மகள் பார்த்தாள். வேறு விற்பனைத் தளங்களுக்கோ ஏஜென்சிக்கோ படத்தைக் கொடுத்திருந்தால், யார் யாருக்கு என்ற பட்டியலை அனுப்புங்கள். மகனின் பெயர் இருப்பதால் இதற்கு நான் மூன்று நாள்தான் தருவேன், மற்றவற்றுக்குப் பதினைந்து நாள்.

என் ரிவியூவை இரண்டு நட்சத்திரத்தோடும், ஜிப் தெரியும் படத்தோடும் பழையபடி வெளியே வையுங்கள். படத்தில் சுவரை மட்டும் மறைத்து இதோடு இணைத்திருக்கிறேன், இந்தப் பிரதியைப் பயன்படுத்துங்கள். விளம்பரத்தின் கீழ் நான் எழுதிய இரண்டு வரி யாருக்கும் தெரியாமல் போனதற்கு என்ன காரணம் என்று எழுத்தில் சொல்லுங்கள். அந்த விளம்பரம் எத்தனை நாள் ஓடியதோ அத்தனை நாள், அதே ஆட்களுக்கு, அதில் இருந்த வாசகம் வெட்டப்பட்டது என்ற திருத்தமும் ஓட வேண்டும். செய்தித்தாளில் பிழை வந்தால் மறுநாள் திருத்தம் போடுவார்கள், எங்கள் தொழிலில் இது சாதாரணம். என் தோழியும் அவர் தங்கையும் வாங்கிய இரண்டு பைகளுக்கும், அவர்கள் கேட்டால், முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். என் பைக்கு எதுவும் வேண்டாம். கூப்பனும் வேண்டாம்.

பதில் வராவிட்டால், வெட்டாத ரிவியூவையும் வெட்டிய விளம்பரத்தையும் பக்கம் பக்கமாக வைத்து நுகர்வோர் ஆணையத்துக்கு அனுப்புவேன். ஸ்கிரீன்ஷாட் அத்தனையும் தேதியோடு என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தலைப்பில் உள்ள ஆர்டர் எண்ணுக்கு உரியவள்

இணைப்பு: ரிவியூவின் ஸ்கிரீன்ஷாட், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், சுவர் மறைத்த படம், டிக்கெட் உரையாடல்கள்.

பி.கு.: இந்தக் கடிதத்திலும் 'பை பார்க்கப் பாந்தமாக இருக்கிறது' என்ற வரி வருகிறது. உங்கள் மார்க்கெட்டிங் பிரிவு கையில் இது கிடைப்பதற்கு முன் யாராவது ஒருவர் முழுதாகப் படித்துவிடவும்.