கரிம வரி: அவையில் கேட்க வேண்டிய கணக்கு வேறு

ஆசிரியருக்கு,

பெரிய ஆலைகளும் மின்நிலையங்களும் வெளியேற்றும் கரியமில வாயுவுக்கு டன் கணக்கில் விதிக்கப்படும் கரிம வரி பற்றி சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம் பேச்சு மின்கட்டணத்தில் வந்து நின்றுவிடுகிறது. நான்கறை வீட்டுக்கு மாதம் எத்தனை வெள்ளி கூடும், அரசாங்கம் தரும் யு-சேவ் பயனீட்டுக் கட்டணத் தள்ளுபடி எவ்வளவை ஈடுகட்டும் என்பதைச் சொல்லி முடித்ததும் அவை அடுத்த கேள்விக்குப் போய்விடும். அந்தக் கணக்கைப் போட அமைச்சர் தேவையில்லை, நாமே போட்டுவிடலாம்.

நம் மின்சாரத்தில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்து வருவதால், ஒரு கிலோவாட்-மணிக்கு ஏறத்தாழ 0.4 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. வரி டன்னுக்கு 25 வெள்ளியாக இருந்த 2024, 2025ஆம் ஆண்டுகளில் அது ஒரு கிலோவாட்-மணிக்கு ஒரு காசு. 2026 ஜனவரி முதல் வரி 45 வெள்ளி, எனவே 1.8 காசு. மின்நிலையங்கள் வரி முழுவதையும் விலையில் ஏற்றினால், மாதம் 400 கிலோவாட்-மணி பயன்படுத்தும் வீட்டுக்கு முன்பு 4 வெள்ளியாக இருந்த சுமை 7.20 வெள்ளியாகும். அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. 2022 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தபடி 2030க்குள் வரி 50 வெள்ளியைத் தொட்டால் 8 வெள்ளி, 80ஐத் தொட்டால் 12.80 வெள்ளி. யு-சேவ் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு மட்டுமே, கடைகளுக்கு இல்லை. உணவங்காடி நிலையத்தில் இரண்டு குளிர்பதனப் பெட்டியும் மாவரைக்கும் இயந்திரமும் ஓடும் ஒரு கடைக்கு மாதம் 1,500 கிலோவாட்-மணி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 1.8 காசு வீதம் வரியின் பங்கு 27 வெள்ளி. அது தோசை விலையில் சத்தமில்லாமல் கலந்துவிடும், எந்த அமைச்சின் பதிலிலும் தலைகாட்டாது.

அவையில் சோதித்துப் பார்க்க வேண்டியது இன்னொன்று. இந்தப் பத்தாண்டில் கரிம வரியால் அரசாங்கத்துக்குக் கூடுதல் வருமானம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, கிடைப்பது உருமாற்றத்துக்கும் ஆதரவுக்கும் செலவாகும் என்று அதே 2022இல் சொல்லப்பட்டது. நல்ல வாக்குறுதிதான். ஆனால் வரவு ஒரு பக்கம், செலவு இன்னொரு பக்கம் என்று எழுதி, நிகரத்தைக் காட்டும் ஒரே அட்டவணை அவையின் முன் இருந்தால்தான் அதைச் சரிபார்க்க முடியும்.

வரவுப் பக்கத்திலேயே மூன்று சிக்கல். முதலாவது காலம். ஆண்டுக்கு 25,000 டன்னும் அதற்கு மேலும் வெளியேற்றும் ஆலைகளுக்கே வரி. அவை ஓராண்டின் வெளியேற்ற அறிக்கையை மறு ஆண்டு ஜூன் இறுதிக்குள் தரவேண்டும், செப்டம்பர் இறுதிக்குள் கட்டவேண்டும். ஆக, 45 வெள்ளி விகிதத்தின் முதல் ஆண்டுக் கணக்கு 2027 செப்டம்பரில்தான் முடியும். மின்விலையில் ஏறும் பங்கையோ நாம் 2026 ஜனவரியிலிருந்தே கொடுத்துவருகிறோம்.

இரண்டாவது, அனைத்துலகப் போட்டியைச் சந்திக்கும் ஆலைகளுக்கு வரியில் கழித்துக்கொள்ளத் தரப்படும் ஒதுக்கீடு. நிறுவனவாரியான விவரம் வெளியிடப்படுவதில்லை. வணிக இரகசியம் என்பதில் நியாயம் உண்டு, மொத்தத் தொகைக்கு அந்த நியாயம் பொருந்தாது.

மூன்றாவது, கரிமப் புள்ளிகள், அதாவது வேறிடத்தில் வெளியேற்றத்தைக் குறைக்கும் திட்டங்கள் டன் கணக்கில் விற்கும் சான்றுகள். வரிக்குரிய வெளியேற்றத்தில் 5 விழுக்காடு வரை வெளிநாட்டுப் புள்ளிகளை வாங்கி ஈடுகட்டலாம். ஒரு மில்லியன் டன் வெளியேற்றும் ஆலை 50,000 டன்னை அப்படிக் கழித்தால் 45 வெள்ளி விகிதத்தில் 2.25 மில்லியன் வெள்ளி வரி குறையும். அரசாங்கமும் தன் பங்குக்குப் புள்ளிகளை வாங்குகிறது: கானா, பெரு, பராகுவே நாடுகளின் இயற்கைசார் திட்டங்களிலிருந்து 2.175 மில்லியன் டன், ஏறக்குறைய 76 மில்லியன் வெள்ளிக்கு. வகுத்தால் டன்னுக்கு சுமார் 35 வெள்ளி. விலை மோசமில்லை. காடு தீப்பிடித்தாலோ திட்டம் தாமதமானாலோ ஈடாக வேறு புள்ளி தருவது யார், பணம் எந்தக் கட்டத்தில் கைமாறுகிறது என்பதை அவை கேட்டுப் பதிவு செய்யவேண்டும்.

செலவுப் பக்கம் இதைவிடச் சிதறிக் கிடக்கிறது. கடலோரப் பாதுகாப்பு பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வழியாக நீடித்த நிலைத்தன்மை, சுற்றுப்புற அமைச்சின் தலைப்பில், அதாவது அதன் வரவுசெலவு ஒதுக்கீட்டுப் பிரிவில், வரும். எரிசக்திச் செலவு வர்த்தக, தொழில் அமைச்சில். மின்வாகனம் போக்குவரத்து அமைச்சில், வீவக நகரங்களின் பசுமைப் பணிகள் தேசிய வளர்ச்சி அமைச்சில். மார்ச் மாத நிதி ஒதுக்கீட்டு விவாதத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் தனி நேர வரம்பு. உறுப்பினர் ‘இந்தத் தலைப்பில் 100 வெள்ளி குறைக்கவேண்டும்’ என்று ஒப்புக்கு ஒரு வெட்டுத் தீர்மானம் கொடுத்துப் பேசுவார், அமைச்சர் பதில் தருவார், தீர்மானம் மீட்டுக்கொள்ளப்படும். நான்கு தலைப்பின் தொகையையும் கூட்டிக் கேட்க அந்த முறை எளிதில் இடம் தருவதில்லை. எரிசக்திக்கான எதிர்கால நிதிக்கும் கடலோர, வெள்ளப் பாதுகாப்பு நிதிக்கும் தலா 10 பில்லியன் வெள்ளி போட்டிருக்கிறோம். நிதியில் போட்டது வேறு, அதிலிருந்து செலவானது வேறு. விவாதத்தில் இரண்டும் ஒன்றாகக் குழம்புவதை அடிக்கடி காணலாம்.

கூட்டிப் பார்க்க வேண்டியது மதிப்பீட்டுக் குழுவும் பொதுக் கணக்குக் குழுவும். இரண்டுமே அவையின் நிலைக்குழுக்கள், அமைச்சுகளிடம் விளக்கம் கேட்கும் அதிகாரம் உள்ளவை. பிரிட்டனில் 2008 பருவநிலை மாற்றச் சட்டப்படி அமைந்த சுதந்திரக் குழு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு முன்னேற்ற அறிக்கை தருகிறது, அதற்கு அரசாங்கம் பதில் சொல்லியாக வேண்டும். இங்கே அப்படிப் புதிய அமைப்பு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இருக்கும் குழு ஒன்று ஆண்டுக்கு ஒருமுறை இந்த அட்டவணையைக் கேட்டு வாங்கினால் போதும்.

அதுவரை நம் கையில் இருப்பது தொகுதி உறுப்பினரின் கேள்வி. மக்கள் சந்திப்பில் ‘கரிம வரியைப் பற்றிக் கேளுங்கள்’ என்று சொன்னால் கொள்கை விளக்கம்தான் பதிலாக வரும். தொகை வேண்டுமானால் எழுத்துபூர்வப் பதில் கேட்பதே நல்லது, அட்டவணையோடு வரும். காரணம் வேண்டுமானால் வாய்மொழிப் பதில், ஏனென்றால் துணைக்கேள்வி கேட்கலாம். ஆனால் ஒன்றரை மணி நேரக் கேள்வி நேரத்தில் முறை வராமல் போனால், உறுப்பினர் வேறு அமர்வுக்குத் தள்ளிவைக்காவிட்டால், அதுவும் எழுத்துப் பதிலாகிவிடும், துணைக்கேள்வி வாய்ப்பும் போய்விடும்.

வாசகத்தை இப்படி எழுதிக் கொடுக்கலாம்: “2024ஆம் ஆண்டு வெளியேற்றத்துக்கு (அ) ஒதுக்கீடும் கரிமப் புள்ளியும் கழிப்பதற்கு முன் கணக்கான வரி எவ்வளவு, (ஆ) ஒதுக்கீட்டால் குறைந்தது எவ்வளவு, (இ) கரிமப் புள்ளிகளால் குறைந்தது எவ்வளவு, (ஈ) கட்டப்பட்டது எவ்வளவு, மின்னுற்பத்தி, எண்ணெய்ச் சுத்திகரிப்பும் வேதிப்பொருளும், பிற எனப் பிரித்து.” சுத்திகரிப்பையும் வேதிப்பொருளையும் சேர்த்தே கேட்கவேண்டும். சுத்திகரிப்பு ஆலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதால், தனியாகக் கேட்டால் நிறுவன விவரம் வெளிப்பட்டுவிடும் என்ற பதிலுக்கு நாமே வழி செய்துகொடுத்தது போலாகும்.

வாசகர்,
செங்காங்