சத்துணவுச் செலவு: பொதுப்பணம்தான் தாங்க வேண்டும், முழுதாகத் தாங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்குச் சோறு போடுவது பெற்றோர் கடமை, அதற்கு வரிப்பணம் எதற்கு என்ற கேள்வி அவ்வப்போது கிளம்புகிறது. கூடவே, "போடுவதென்றால் நிஜமான ஏழைகளுக்கு மட்டும் போடுங்கள்" என்ற யோசனையும் வருகிறது. இப்படிப் பேசுவோர் பலர் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. ஆனால் ஒரு தட்டுச் சாப்பாட்டுக்கு என்ன ஆகிறது, அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் குறைகிறது என்று பார்த்துவிட்டு யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

முதலில் யாருடைய பணம் என்று பார்ப்போம். வருமான வரி கட்டுகிறவர்கள் மட்டும்தான் வரி கட்டுகிறவர்கள் என்ற நினைப்பு தவறு. சத்துணவு சாப்பிடும் பிள்ளையின் தாய் வாங்கும் சோப்பிலும் பேஸ்ட்டிலும் ஜிஎஸ்டி சேர்ந்தே இருக்கிறது. வருமான வரி கட்டுகிறவர்களுக்கும் இது புதுச் சுமை இல்லை. 2004-ல் மத்திய அரசு வரிகளின் மேல் 2 சதவீதம் கல்வி செஸ் (வரியின் மேல் கூடுதல் வரி) போட்டது தொடக்கக் கல்விக்கும் மதிய உணவுக்கும் சேர்த்துத்தான். இன்று அது சுகாதாரம், கல்வி இரண்டுக்குமாக 4 சதவீதமாக இருக்கிறது. இந்தச் செலவின் பெயரைச் சொல்லி வசூலித்த பணத்தை இதற்கே செலவிடுவதைத் தானம் என்று சொல்ல முடியாது.

நன்கொடையாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பவர்களுக்கு நம் ஊர் வரலாறே பதில் சொல்கிறது. 1920-ல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஓரணாவைத் தாண்டக்கூடாது என்பது வரம்பு. மேலும் சில பள்ளிகளுக்கு விரிந்து, சேர்க்கையும் உயர்ந்தது. ஆனால் 1925-ல் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடக்கூடாது என்று அன்றைய அரசு மறுத்தது. திட்டம் நின்றுபோனது. பசியிலோ பயனிலோ எந்த மாற்றமும் இல்லை. செலவை எழுத ஒரு நிதித் தலைப்பு இல்லை, அவ்வளவுதான். 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது ஊர் மக்களின் பங்கையும் சேர்த்தே உலை வைத்தார்கள். நல்ல விளைச்சல் உள்ள ஊரில் பானை நிறையும், வறண்ட ஊரில் நிறையாது. பசி அதிகம் இருப்பது எந்த ஊரில் என்று சொல்லவும் வேண்டுமா? 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய திட்டம் மாநில வரவு செலவுத் திட்டத்தின் மேல் நின்றது. அதனால்தான் ஆட்சிகள் மாறியும் அடுப்பு அணையவில்லை. ஒருவர் பிறந்தநாளுக்குப் பாயசம் போடுவது நல்ல காரியம்தான். ஜூலை மாதத்து ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி.

இப்போது தட்டுக்கு வருவோம். தேசிய அளவுகோல்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம், எண்ணெய் 5 கிராம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை இது முறையே 150, 30, 75, 7.5 கிராம். சிறியவர்களுக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், பெரியவர்களுக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும். நூறு கிராம் அரிசியில் புரதம் ஏழு கிராம் அளவுக்கு வரும். இருபது கிராம் பருப்பு இன்னொரு நாலரை கிராம் தரும். காய்கறியும் சேர்ந்து 12-ஐ ஒட்டிப் போகும். பருப்பைப் பாதியாகக் குறைத்தால் வயிறு நிறைந்ததுபோல் இருக்கும், புரதம் பத்தைத் தொடாது. தமிழ்நாட்டில் முட்டை சேர்வதால் நாம் அந்த விளிம்பில் நிற்கவில்லை. ஒரு முட்டை ஆறு கிராம் புரதம். முட்டையை ஆடம்பரம் என்று பேசுகிறவர்கள் இந்தக் கூட்டலை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

இதற்குப் பணம் எவ்வளவு? அரிசி தனியாக வந்துவிடுகிறது. பருப்பு, காய்கறி, எண்ணெய், மளிகை, எரிபொருள் எல்லாம் சேர்த்து மத்தியத் திட்டம் நிர்ணயித்த தொகை 2025 மே முதல் தொடக்கப் பள்ளிக்கு 6 ரூபாய் 78 காசு, அதற்கு மேல் எட்டாம் வகுப்பு வரை 10 ரூபாய் 17 காசு. நூறு பிள்ளைகள் உள்ள தொடக்கப் பள்ளிக்கு ஒரு நாளைக்கு 678 ரூபாய். பருப்பு கிலோ 150, காய்கறி சராசரியாகக் கிலோ 40 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிலோ பருப்புக்கு 300, ஐந்து கிலோ காய்க்கு 200, அரைக் கிலோ எண்ணெய்க்கு 80. மீதி 98 ரூபாய். புளி, மிளகாய், மஞ்சள், உப்பு, கேஸ் எல்லாம் அதற்குள். எப்படியோ இழுத்துப் பிடிக்கலாம்.

பதினைந்து பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு இதே கணக்கைப் போடுங்கள். கைக்கு வருவது 101 ரூபாய் 70 காசு. பருப்பு 45, காய் 30, எண்ணெய் 12 போக மீதி 15 ரூபாய்கூட இல்லை. பதினைந்து பேருக்குச் சமைக்கிறோம் என்பதற்காக அடுப்பு எரியும் நேரம் ஏழில் ஒன்றாகிவிடாது. ஒன்றரைக் கிலோ அரிசிக்கும் உலை கொதிக்க வேண்டும், பருப்பு வேக வேண்டும், தாளிக்க வேண்டும். முக்கால் கிலோ காய்க்கு மொத்த விலையும் கிடைக்காது. தமிழ்நாட்டில் பருப்பும் எண்ணெயும் நுகர்பொருள் வாணிபக் கழகம் வழியாகவே வருவதால் சுமை ஓரளவு குறைகிறது. ஆனால் காய்கறிக்கும் மளிகைக்கும் கேஸுக்குமான உணவூட்டு மானியம் இங்கும் தலைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கிடப்படுகிறது. மலைக் கிராமத்திலும் குக்கிராமத்திலும் உள்ள சிறு பள்ளிகளில் இது இடிக்கிறது.

இடிக்கும்போது என்ன நடக்கும்? சத்துணவு அமைப்பாளர் கைக்காசைப் போடுவார். இல்லாவிட்டால் சாம்பாரில் தண்ணீர் ஏறும். நீர்த்த சாம்பாரில் பருப்பு அடியில் தங்கிவிடும். சிறு வகுப்புப் பிள்ளைகள் முதலில் உட்காருவார்கள், கரண்டி மேலாக முகக்கும், அவர்கள் தட்டில் விழுவது மஞ்சள் தண்ணீர்தான். கடைசிப் பந்திக்குக் கெட்டிப் பருப்பு. அடிவரை கலக்கிவிட்டு ஊற்றினால் பங்கு சரியாகும், ஆனால் இல்லாத பருப்பை எந்தக் கரண்டியும் கொண்டுவராது. வாரத்தில் மூன்று நாள் பூசணியும் சுரைக்காயுமே வருவதற்கும் சமையலரின் சோம்பல் காரணமில்லை. விலை ஏறினாலும் சேர்த்துக்கொள்ளக் கட்டுப்படியாகும் காய்கள் அவைதான்.

தொகை உயரவே இல்லை என்று சொல்லவில்லை. 2020-ல் 4 ரூபாய் 97 காசு, 2022 அக்டோபரில் 5.45, 2024 டிசம்பரில் 6.19, பிறகு 6.78. ஆனால் முதல் இரண்டு உயர்வுகளுக்கும் நடுவே வந்த 2021-ல் சமையல் எண்ணெய் விலை எகிறியதை எந்தக் குடும்பமும் மறந்திருக்காது. விலை ஏறிய மாதத்தில் பணம் வராமல், இரண்டு வருடம் கழித்து வந்தால் இடைப்பட்ட சாப்பாடுகளை யார் ஈடுகட்டுவது?

அடுத்தது, ஏழைகளுக்கு மட்டும் என்ற யோசனை. கேட்க நியாயமாக இருக்கிறது. யார் ஏழை என்று தலைமையாசிரியர் எதை வைத்து முடிவு செய்வார்? வருமானச் சான்றிதழ் என்றால், ஊர் விட்டு ஊர் போய்ச் செங்கல் சூளையில் வேலை செய்யும் குடும்பம் அதை எங்கே வாங்கும்? போன மாதம் கூலி கிடைத்து இந்த மாதம் கிடைக்காத தகப்பனுக்கு ஆண்டு வருமானம் என்று எந்த எண்ணை எழுதுவது? 1997-ல் ரேஷனை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று நாடு முழுக்கப் பிரித்தபோது பட்டியலில் விடுபட்ட ஏழைகள் ஏராளம். தமிழ்நாடு அப்படிப் பிரிக்க மறுத்தது. அது சரிதான் என்று காலம் காட்டியிருக்கிறது. தவிர, வசதியுள்ளவர்கள் பெரும்பாலும் தனியார் பள்ளிக்குப் போய்விட்டார்கள். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி என்ற எல்லையே பெரிய வடிகட்டி. அதற்குள் இன்னொன்றைப் போட்டு மிச்சமாகும் காசு, சான்றிதழ் சரிபார்க்கும் வேலைக்கே போய்விடும். மிஞ்சுவது ஒன்றுதான்: தட்டோடு எழுந்து போகிறவன் ஏழை என்று வகுப்பறை முழுவதற்கும் தெரியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்த அடையாளத்தைவிடப் பசியையே தேர்ந்தெடுக்கும்.

பள்ளியில் போட்டால் வீட்டில் குறைத்துவிடுவார்கள் என்ற சந்தேகமும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஒரு பொருளாதார ஆய்வு இதையே அளந்து பார்த்தது. பள்ளிச் சாப்பாட்டில் கிடைத்த சத்தில் பாதியிலிருந்து முழுவதும் வரை பிள்ளையின் அன்றாட உணவில் கூடுதலாகவே சேர்ந்தது. வீட்டில் அதற்கு ஈடாகக் குறைத்துவிடவில்லை.

வரி கட்டுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு, அவற்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஐம்பது கிலோ மூட்டை வந்து இறங்கும்போது தராசில் வைத்தார்களா, சீட்டில் இருந்ததை அப்படியே எழுதினார்களா? மூட்டைக்கு ஒரு கிலோ குறைந்தால் அது பத்துப் பிள்ளைகளின் ஒரு வேளை அரிசி. காலை வருகைப் பதிவேட்டு எண்ணும், இருப்புப் பதிவேட்டில் அளந்து கொடுத்த அரிசியும், மதியம் சாப்பிட்டதாக அனுப்பும் எண்ணும் ஒத்துப்போகின்றனவா? வெள்ளிக்கிழமையும் திருவிழாவுக்கு மறுநாளும் வருகை குறையும். அன்றும் எண்ணிக்கை அசையாமல் நின்றால் விசாரிக்கலாம். முட்டைகளைத் தண்ணீரில் போட்டு, மிதப்பவற்றை ஒதுக்குகிறார்களா? பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவராவது சாப்பிட்டுப் பார்க்கிறாரா? மத்திய அரசின் 2015 மதிய உணவு விதிகளின்படி, பள்ளி நாளில் சாப்பாடு போடாவிட்டால் அதற்குரிய தானியமும் சமையல் செலவும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் பிள்ளைக்குச் சேர வேண்டும். இது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. பள்ளிச் சுவரில் எழுதிப் போடலாம்.

பாதுகாப்பில் மட்டும் சிக்கனம் கூடவே கூடாது. 2004-ல் கும்பகோணத்தில் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளின் உயிர் போனது. 2013-ல் பீகாரின் சாப்ரா அருகே பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்ததில் 23 பிள்ளைகள் இறந்தார்கள். கான்கிரீட் சமையலறை, கேஸ் அடுப்பு, பூட்டு போட்ட இருப்பு அறை, முத்திரை உடையாத எண்ணெய்: இவை நன்கொடையை எதிர்பார்த்து விடக்கூடிய செலவுகள் அல்ல.

அரசிடம் கேட்பது மூன்று. முதலாவது, உணவூட்டு மானியத்தை இரண்டாகப் பிரியுங்கள். எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் ஒவ்வொரு மையத்துக்கும் எரிபொருளுக்கென்று ஒரு நிலையான தொகை, அதன் மேல் தலைக்கு இவ்வளவு என்று காய்கறிக்கும் மளிகைக்கும். இரண்டாவது, அந்தத் தொகையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தந்த மாவட்டச் சந்தை விலையோடு ஒப்பிட்டுத் தானாக உயரும்படி அரசாணை போடுங்கள். மூன்றாவது, பணத்தை மாதத் தொடக்கத்திலேயே மையத்தின் கணக்கில் போடுங்கள். கடனுக்குக் காய் வாங்கும் அமைப்பாளருக்குக் கடைக்காரர் வாடியதைத்தான் தள்ளிவிடுவார்.

இப்படிக்கு,
பள்ளி உணவுத் திட்டங்களைத் தொடர்ந்து கவனித்து வரும் வாசகர்