நம் கிளைத் தேர்தலில் உடன் நின்ற எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள மூத்தோர்களே, நண்பர்களே, தம்பி தங்கைகளே,

வணக்கம். இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் சங்கத்தின் நம் மாவட்டக் கிளைக்கு அக்கா தலைவராகிவிட்டார். வாழ்த்துச் சொல்லி வரும் போன் இன்னும் ஓயவில்லை. அவர் நன்றி சொல்ல உட்காருவதற்குள் அடுத்த கேஸுக்குக் கூப்பிட்டுவிடுகிறார்கள். சரி, வேட்புமனுவில் முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவன் என்ற உரிமையில் நானே எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி, ஓட்டுப் போட வராதவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை என்று பார்த்தா சிசேரியன் வருகிறது? தாலுகா மருத்துவமனைகளில் நாலைந்து பேர், "நீங்க போய் ஓட்டுப் போட்டுட்டு வாங்க, கேஸை நான் பார்த்துக்கறேன்" என்று கூட இருந்தவர்களை அனுப்பிவிட்டு ஆபரேஷன் தியேட்டரிலேயே தங்கிவிட்டார்கள். அதில் ஒருவர் எதிரணிக்காரர் என்று பிறகுதான் தெரிந்தது. தன் ஓட்டையும் விட்டு, நமக்கு ஒரு ஓட்டையும் அனுப்பி வைத்த புண்ணியவான்!

தேர்தல் அதிகாரியாக இருந்த ஓய்வுபெற்ற பேராசிரியருக்குப் பெரிய கும்பிடு. ஒவ்வொரு சீட்டையும் பிரித்து இரு தரப்புக்கும் காட்டிய பிறகே பெயரை வாசித்தார். செல்லாத ஓட்டு எது என்று சலசலப்பு எழுந்தபோது, "உங்க எல்லாரோட வைவா மார்க்கும் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். அறை கப்சிப்.

எதிர்த்து நின்றவர்தான் முதல் சால்வையைப் போர்த்தினார். "ஜெயிச்சா நானே போட்டுக்கலாம்னு வாங்கினது" என்று அவர் சொன்னதும் எழுந்த சிரிப்பில் ஒரு மாதத்துக் கசப்பு கரைந்துவிட்டது. மாதாந்தர வகுப்புகளை நடத்தும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டிருக்கிறார். நன்றி, சார்.

அக்காவை ஏன் நிறுத்தினீர்கள் என்று சர்ஜன் நண்பர்கள் சிலர் கேட்டார்கள். கொரோனா அலை அடித்த 2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். வார்டில் படுக்கை இல்லை, வெளியே ஆம்புலன்ஸ் வரிசை. எல்லோரும் ஆக்சிஜன், ஆக்சிஜன் என்று தவித்தபோது அக்கா நம் குழுவில் ஒரு கணக்குப் போட்டார். பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர். ஒரு நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் பதினொன்றரை மணி நேரம் வரும். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு (சாச்சுரேஷன்) 94 சதவீதம் வந்ததும் ஃப்ளோவைக் குறைத்தால் இன்னும் எவ்வளவு நேரம் நீளும் என்று அதன் கீழேயே எழுதியிருந்தார். சின்ன நர்சிங் ஹோம்களில் செவிலியர்கள் அந்தக் கணக்கைச் சுவரில் ஒட்டி வைத்திருந்ததை நானே பார்த்தேன்.

அப்புறம், இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவிக்கான அந்தப் பேருந்து நிலைய வகுப்பு. பொம்மையைத் தரையில் கிடத்தி, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த ஆட்டோ ஓட்டுநர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். "எலும்பு முறிஞ்சிடாதா டாக்டரம்மா?" என்றார் ஒருவர். "முறிஞ்சா ஒட்ட வைக்க ஆள் இருக்கு. மூச்சு நின்னா யாரு இருக்கா? அழுத்துங்க" என்றார் அக்கா. அவ்வளவுதான், ஒவ்வொருவராக முட்டி போட ஆரம்பித்துவிட்டார்கள். இப்படிப்பட்டவரை வேறு எங்கே நிறுத்துவது?

ஓட்டுரிமை இல்லாமலே உழைத்த தியேட்டர் டெக்னீஷியன்கள், ஸ்டாஃப் நர்ஸ்கள், இரவு இரண்டு மணிக்கும் அலுக்காமல் போன் எடுக்கும் அக்காவின் வீட்டுக்காரர், எல்லோருக்கும் நன்றி. அன்று ஆபரேஷன் லிஸ்டைச் சொன்ன நேரத்துக்கே ஆரம்பித்து முடித்த சர்ஜன்களுக்கும்தான். முடியும் என்று தெரிந்துவிட்டது. இனி தப்ப முடியாது.

பதவியேற்றதும் அக்கா சொன்ன முதல் விஷயம், நோயாளியின் நாடித்துடிப்பையும் ஆக்சிஜனையும் காட்டும் மானிட்டர் இல்லாத தியேட்டரில் நம் உறுப்பினர் யாரும் கேஸ் எடுக்கக் கூடாது என்பது. சொல்வது சுலபம். ஊர் ஊராகப் பையைத் தூக்கிக்கொண்டு போகும் நம் ஃப்ரீலான்ஸ் தம்பிகள் மறுத்தால், அடுத்த கேஸ் வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால் இதில் எல்லோரும் சேர்ந்து நிற்க வேண்டும். ஓட்டுப் போட்டதோடு நம் வேலை முடியவில்லை.

1846இல் பாஸ்டனில் பல் மருத்துவர் மார்ட்டன் ஈதரை மயக்க மருந்தாகக் கொடுத்துக் காட்டிய அக்டோபர் 16, நம் உலக மயக்கவியல் நாள். அன்று காலை பேருந்து நிலையத்தில் மறுபடியும் வகுப்பு. பொம்மைகள் போதாது, வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். சந்தா பாக்கி உள்ளவர்கள் அன்றே பொருளாளரைப் பார்த்துவிடலாம். அவரும் வருகிறார், ரசீதுப் புத்தகத்தோடு.

அன்புடன்,
முன்மொழிந்தவன்