தமிழ்ச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2005

மின்னியாபொலிஸ், அமெரிக்கா, ஜனவரி 2006

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல், சித்திரைத் திருநாள், கோடை விருந்து, தீபாவளி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. ஞாயிறு தமிழ் வகுப்பு தடையில்லாமல் நடக்கிறது, ஆசிரியர்களுக்கு நன்றி. நாடகம் மட்டும் நடக்கவில்லை. பெயர் கொடுத்தவர்கள் ஒத்திகைக்கு வரவில்லை.

அடுத்தது நார்த்வெஸ்ட் விமான நிறுவனத்தின் மெக்கானிக்குகளுக்காகத் திரட்டிய உதவி நிதி. இதைப் பற்றிக் கூட்டத்தில் கேட்டவர்களைவிட வெளியில் பேசியவர்கள் அதிகம். அதனால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 20 அன்று நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸின் மெக்கானிக்குகளும் துப்புரவுப் பணியாளர்களுமாக சுமார் 4,400 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பளத்தில் 25 சதவீதத்தைக் குறைக்க வேண்டும், ஏறத்தாழ 2,000 வேலைகளை எடுத்துவிட வேண்டும் என்பது நிர்வாகத்தின் நிபந்தனை. வேலைநிறுத்தம் தொடங்கும் முன்பே மாற்று ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தயாராக வைத்திருந்தார்கள். செப்டம்பரில் அவர்களை நிரந்தரமாக்க ஆரம்பித்தார்கள். அதே மாதம் 14ஆம் தேதி கடன்காரர்களிடமிருந்து திவால் பாதுகாப்பு கேட்டு நிர்வாகம் நீதிமன்றத்துக்கும் போனது.

எனக்கு மனசு ஆறாத விஷயம் வேறு. பைலட்டுகளும் விமானப் பணிப்பெண்களும் மறியலைத் தாண்டி வேலைக்குப் போனார்கள். இந்த மெக்கானிக்குகள் 1998இல் ஐஏஎம் என்ற பெரிய சங்கத்தை விட்டு ஏஎம்எஃப்ஏ என்ற தங்கள் தொழிலுக்கான சங்கத்துக்கு மாறியவர்கள். மற்ற சங்கங்களுக்கு அந்தக் கசப்பு இன்னும் தீரவில்லை. மெக்கானிக்குகளின் சங்கத்தில், வேலைநிறுத்தக் காலத்தில் கொடுத்து உதவ வேலைநிறுத்த நிதி என்று ஒன்று கிடையாது. வாகனத் தொழிலாளர் சங்கம் 8,80,000 டாலர் கொடுத்தது, பெரிய மனசுதான். ஆனால் 4,400 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 200 டாலர். வீட்டுக் கடனுக்கு அது எந்த மூலைக்கு?

தமிழ்ச் சங்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டார்கள். ஊருக்குப் போகும்போது நம்மில் பலர் ஆம்ஸ்டர்டாம் வழியாக இந்த விமானத்தில்தான் போகிறோம். அதைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பியவர்கள் இவர்கள். 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களை ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பியபோது, இங்கிருந்தபடி தினமும் ஊருக்கு போன் போட்டுக் கலங்கிய குடும்பங்கள் நம் சங்கத்தில் இருக்கின்றன. அவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முதலில் பணம் கொடுத்தவர்களும் அவர்கள்தான்.

சங்கக் கணக்கிலிருந்து ஒரு டாலர்கூட இதற்கு எடுக்கவில்லை. உணவு விற்பனையில் வந்ததும் தனிப்பட்ட நன்கொடையும் மட்டுமே. அந்தப் பணத்துக்கு மளிகைக் கடை அட்டைகளாக வாங்கி, மறியலில் நிற்பவர்களின் கையில் கொடுத்தோம். ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன. விடியற்காலையில் எழுந்து இட்லி அவித்துக் கொடுத்த அக்காமார்களுக்கு நன்றி. குளிரில் என்னோடு விமான நிலையத்துக்கு வந்த இளைஞர்களுக்கும் நன்றி.

பொதுக் கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் கிட்டத்தட்டச் சமம். கையிருப்பு சொல்லும்படி இல்லை. காரணம் சந்தா. பாதிப் பேருக்கு மேல் கட்டவில்லை. தீபாவளிச் சாப்பாட்டுக்குக் குடும்பத்தோடு வந்தவர்களும் அதில் அடக்கம். 2001இல் ஐடி வேலைகள் போனபோது, விசாவுக்குப் பயந்து அவசர அவசரமாக வீட்டைக் காலி செய்து ஊருக்குக் கிளம்பிய உறுப்பினர்களை நாம் மறந்துவிட்டோமா? அன்றைக்கு ஒரு விமான டிக்கெட்டுக்கு உதவக்கூட சங்கத்தில் பணம் இல்லை. இன்றும் இல்லை. மெக்கானிக்குகளின் சங்கம் இருக்கும் அதே நிலையில்தான் நாமும் இருக்கிறோம்.

அவசர உதவி நிதி ஒன்றைத் தனியாகத் தொடங்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்திருக்கிறேன். இன்றே வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். நான் அடுத்த ஆண்டும் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். சரி, ஆனால் கூடவே வேலை செய்ய நான்கு பேராவது வேண்டும். பெயர் மட்டும் கொடுத்தால் போதாது.

நிர்வாகம் கொடுத்த சமரசத்தை மெக்கானிக்குகள் டிசம்பர் வாக்கெடுப்பில் நிராகரித்துவிட்டார்கள். வேலைநிறுத்தம் தொடர்கிறது, நம் வசூலும் தொடரும். பொருளாளர் மேஜையில் சந்தாவுக்கு ஒரு பெட்டியும் மெக்கானிக்குகளுக்கு ஒரு பெட்டியும் வைத்திருக்கிறோம். சாப்பிடப் போகும் முன் இரண்டையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்