பழைய திகில் படத்தைச் சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய ஆங்கிலத் திகில் படங்களை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினால் சிரிக்கிறார்கள், ஆகவே அந்தப் படங்களின் காலம் முடிந்துவிட்டது என்று சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். உதாரணத்துக்கு அவர் எடுத்தது ஜோன் கார்ப்பென்டர் 1978இல் எடுத்த ‘ஹலோவீன்’, முகமூடி போட்ட ஒரு கொலைகாரன் பெண்பிள்ளைகளைப் பின்தொடர்கிற படம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீடியோ கெசட் காலத்திலிருந்து திரும்பத் திரும்பப் பார்த்து வருகிற படம் என்பதால் சும்மா விட்டுவிடவும் மனம் வரவில்லை. போன மாதம்கூட தங்கச்சியின் பிள்ளைகளோடு இருந்து பார்த்தேன், அதனால் இன்றைய பிள்ளைகள் அதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் நேரில் கண்டதை வைத்தே எழுதுகிறேன்.

சிரிப்பார்கள், அது உண்மை. முதல் அரை மணி நேரம் எங்கள் வீட்டிலும் சிரித்தார்கள். அந்தக் காலத்துக் காற்சட்டை, அந்தப் பெண்பிள்ளைகள் பேசுகிற பேச்சு, கொலைகாரனைத் தேடி வருகிற டொக்டர் நின்று நிதானமாகச் சொல்லுகிற நீண்ட வசனங்கள், எல்லாவற்றுக்கும் சிரிப்பு. ஏ.எல். பரீட்சை எழுதி முடித்துவிட்டு இருக்கிற மூத்தவன், “மாமா, இது எப்ப தொடங்கும்?” என்று கேட்டான். அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு கொலை நடக்கிறது, அதற்குப் பிறகு கண்முன்னே அடுத்த ஆள் சாவதற்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகிறது. அதுவரைக்கும் அந்த முகமூடிக்காரன் என்ன செய்கிறான்? நிற்கிறான். பட்டப்பகலில், பள்ளிக்கூட யன்னலுக்கு வெளியே, வீதி ஓரத்துச் செடிவேலிக்குப் பக்கத்தில், நின்று பார்க்கிறான், அவ்வளவுதான்.

அதிலே ஒரு காட்சி. லோரி என்ற அந்தப் பிள்ளை தன் அறை யன்னலால் கீழே பார்க்கிறாள், வளவில் கொடியில் உடுப்புக் காய்கிறது, வெள்ளைத் துணிகளுக்கு நடுவில் அவன் நின்று மேலே பார்க்கிறான். மறுபடி பார்க்கிறாள், ஆள் இல்லை, துணி மட்டும் ஆடுகிறது. கத்தி இல்லை, இரத்தம் இல்லை, சத்தம்கூடப் பெரிதாக இல்லை. இந்த இடம் போய்க் கொஞ்ச நேரத்தில் தங்கச்சியின் இளையவள் எழும்பிப் போய்க் குசினிப் பக்கத்து யன்னலைச் சாத்திவிட்டு வந்து இருந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த அறையில் சிரிப்புக் குறைந்துவிட்டது, கடைசிப் பகுதிக்கு வரும்போது மூத்தவனே, “கத்திய எடு, கத்திய எடு, போட்டுட்டுப் போகாத!” என்று டிவியைப் பார்த்துக் கத்தினான். பார்த்தவர்களுக்குத் தெரியும், அவன் செத்துவிட்டான் என்று நினைத்து அந்தப் பிள்ளை கத்தியை அவன் பக்கத்திலேயே போட்டுவிட்டு வாசலில் வந்து இருப்பாள், அவளுக்குப் பின்னால் அவன் மெல்ல நிமிர்ந்து எழும்புவான்.

கடிதம் எழுதியவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார், எவ்வளவோ கோரமான படங்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது எம்மாத்திரம் என்று. கோரத்தால் பயமுறுத்துகிற படமாக இருந்தால் அவர் சொல்வது சரி, ஏனென்றால் நேற்றைய கோரத்தை இன்றைய கோரம் தோற்கடித்துவிடும். ஆனால் இந்த 91 நிமிடப் படத்தில் இரத்தம் மிகவும் குறைவு. பயம் வருவது யாரோ நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதிலும், கண்டவர்கள் சொன்னாலும் மற்றவர்கள் நம்புகிறார்கள் இல்லை என்பதிலும்தான்.

இதை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உள்ளவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2011 ஆகஸ்டில் உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் ஆள் திரிகிறான் என்று ‘கிறீஸ் பூதம்’, ‘மர்ம மனிதன்’ என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் ஊர் ஊராகப் பரவிய நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பொழுதுபட முதலே படலை பூட்டி, யன்னல் சாத்தி, ஆம்பிளைகள் பொல்லோடு சந்தியில் விழித்திருக்க, பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஒரே வீட்டில் படுத்த இரவுகள் அவை. சில இடங்களில் பொதுமக்களுக்கும் பாதுகாப்புத் தரப்புக்கும் இடையில் மோதல் வரைக்கும் போனது. வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் சும்மா நிற்கிறான் என்ற நினைப்பே ஓர் ஊரை நித்திரை கொள்ளவிடாது என்பதைக் கண்டவர்கள் நாங்கள். அந்த நினைப்பைத்தான் கார்ப்பென்டர் அதற்கு 33 வருடத்துக்கு முதல் படமாக எடுத்து வைத்திருக்கிறார்.

அதோடு இன்னொரு காட்சியும் இருக்கிறது, படத்திலேயே என்னை ஆகவும் பாதிப்பது அதுதான். கொலைகாரன் பின்னால் வர அந்தப் பிள்ளை பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்க் கதவைத் தட்டிக் கத்துகிறாள். வெளி லைற் எரிகிறது. யன்னல் மறைப்பை விலக்கி உள்ளேயிருந்து யாரோ பார்க்கிறார்கள். பிறகு லைற் அணைகிறது, கதவு திறபடவே இல்லை. சில செக்கன்களில் முடிந்துபோகிற காட்சி. இரவில் வெளியே அழுகுரல் கேட்டும் திறக்கப் பயந்து, திறந்தால் எங்கள் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு இருந்த காலத்தைக் கடந்து வந்தவர்கள் எங்கள் ஊர்களில் எத்தனையோ பேர். அவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். “நாங்க பார்க்காத இரத்தமா, இதையெல்லாம் காசு கொடுத்தா பார்க்கிறது” என்று கேட்கும் பெரியவர்களையும் எனக்குத் தெரியும், அவர்களைக் கட்டாயப்படுத்திப் பார்க்க வைக்க நான் சொல்லவில்லை. ஆனால் இந்தப் படத்தைப் பற்றிய தீர்ப்பைச் சிரிக்கிற பிள்ளைகளிடம் மட்டும் விட்டுவிடக்கூடாது.

சரி, எங்கள் வீட்டில் வேலை செய்தது அவர் வீட்டில் ஏன் வேலை செய்யவில்லை? நாங்கள் பார்த்தது இரவில், லைற்றை அணைத்துவிட்டு, பெரிய டிவியில், ஸ்பீக்கர் போட்டு, போன் எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு. படப்பிடிப்பாளர் டீன் கண்டி அகலத் திரைக்கென்று எடுத்த படம் அது. பெண் நடுவில் நின்று பேசிக்கொண்டிருப்பாள், ஆபத்து ஓரத்தில் இருக்கும். லோரி இருட்டான கதவு நிலையோடு சாய்ந்து நின்று அழும்போது அவளுக்குப் பின்னால் அந்த வெள்ளை முகம் இருட்டுக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வரும், அந்த வெளிச்சத்தை அவ்வளவு மெதுவாகக் கூட்டியிருப்பார்கள். பகல் வெளிச்சத்தில், கையளவு போன் திரையில், அந்த ஓரமும் இருட்டும் எங்கே தெரியப்போகிறது? கெசட் காலத்தில் நாங்களும் இதே குறையோடுதான் பார்த்தோம், பழைய சதுர டிவிக்காகப் படத்தின் இரண்டு பக்கத்தையும் வெட்டியிருப்பார்கள், ஓரத்தில் நின்ற கொலைகாரன் வெட்டோடு போய்விடுவான். இப்போது முழுப் படமும் நல்ல தரத்தில் கிடைக்கிறது, அதைப் போய்த் துண்டு துண்டாக, வேகத்தைக் கூட்டி வைத்துப் பார்க்கிறார்கள். காத்திருக்க வைத்துப் பயமுறுத்துகிற படத்தை ஓடவிட்டுப் பார்த்தால் அதில் மிஞ்ச ஒன்றுமில்லை.

இசையைப் பற்றி எழுதாமல் விட முடியாது. இசை சேர்க்காத பிரதியை ஒரு பெரிய ஸ்டூடியோவின் அதிகாரிக்குப் போட்டுக் காட்டியதாகவும், அவருக்குப் பயமே வரவில்லை என்றும், பிறகுதான் இசையால் படத்தைக் காப்பாற்ற முடிவெடுத்ததாகவும் கார்ப்பென்டரே எழுதியிருக்கிறார். இசையும் அவருடையதுதான். பியானோவில் ஐந்து எண்ணிக்கைத் தாளம், சிறு வயதில் தந்தை பொங்கோவில் சொல்லிக்கொடுத்தது. எங்கள் இசையில் கண்ட நடை கேட்டுப் பழகிய காதுக்கு உடனே பிடிபடும். நான்கில் முடியும் என்று காது எதிர்பார்க்க, ஒன்று கூடி வரும், அதனால் மனம் ஓரிடத்தில் நிலைகொள்ளாது. போனின் சின்னஞ்சிறு ஸ்பீக்கரில் இதைக் கேட்டுவிட்டுப் படம் பழசாகிவிட்டது என்றால் என்ன செய்வது!

காசும் பெரிதாக இல்லை. மூன்று லட்சம் டொலர் சொச்சத்தில், ஏறக்குறைய மூன்று வாரத்தில் எடுத்து முடித்த படம். இலையுதிர் காலத்துக் கதையைக் கலிபோர்னியாவில் வசந்த காலத்தில் எடுத்ததால் இலைக்குச் சாயம் பூசிக் கொட்டி, ஒரு காட்சி முடியப் பொறுக்கியெடுத்து அடுத்த காட்சிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்த முகமூடிகூட இரண்டு டொலருக்கும் குறைவாகக் கடையில் வாங்கியதுதான். ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற டிவித் தொடரில் வருகிற கப்டன் கேர்க்கின் முகம், கண் ஓட்டையைப் பெரிதாக்கி, வெள்ளை அடித்து, ஆளை அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டார்கள். கோபமோ சிரிப்போ எதுவும் அதில் இல்லை.

அவன் ஏன் கொல்கிறான் என்பதையும் படம் சொல்லாது. இதற்குப் பிறகு 1981இல் வந்த இரண்டாம் பாகம் லோரி அவனுடைய தங்கை என்று ஒரு காரணத்தைக் கொண்டுவந்தது, 2007இல் மறுபடி எடுத்தவர்கள் அவனுடைய சிறுபிராயத்தையே விரிவாகக் காட்டினார்கள், என் பார்வையில் இரண்டிலும் அந்தப் பயம் போய்விட்டது. தமிழிலும் பார்க்கலாம். 1978இலேயே பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வந்தது, 1980இல் எங்கள் அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா ‘மூடுபனி’ எடுத்தார். இரண்டிலும் கொலைகாரனின் சிறுபிராயம் காரணமாக வருகிறது, படம் முடியும்போது அவன்மேல் பயத்தோடு இரக்கமும் வருகிறது. அது வேறு வகை, அதற்கு அதன் பெறுமதி உண்டு. ‘ஹலோவீன்’ அந்த ஆறுதலையும் தராது. டொக்டர் ஆறு தரம் சுட, மாடியிலிருந்து விழுந்தவன் கீழே பார்க்கும்போது இல்லை, பிறகு ஆளில்லாத வீடுகளும் மூச்சுச் சத்தமும் மட்டும், அதோடு படம் முடிகிறது.

குறை இல்லாத படம் என்று சொல்லமாட்டேன். குடித்து, காதலித்துத் திரிகிற பெண்கள் சாக, அடக்கமான பிள்ளை மட்டும் தப்புவது தண்டனை கொடுப்பது போல இருக்கிறது என்ற விமர்சனம் நெடுங்காலமாக இருக்கிறது. அது தங்கள் நோக்கமில்லை என்று எடுத்தவர்கள் சொன்னாலும் விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். பின்னால் வந்த எத்தனையோ படங்கள் அதையே சூத்திரமாக்கிக் கெடுத்தும் விட்டன.

ஆசிரியர் அவர்களே, உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகமோ, கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களோ, ஊரில் படம் பார்த்துப் பேசுகிற இளைஞர்களோ, யாராவது முன்வந்து ஒரு மாலைப் பொழுதில் ‘மூடுபனி’யையும் ‘ஹலோவீன்’ படத்தையும் பெரிய திரையில், நல்ல ஒலியோடு, பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் திரையிட வேண்டும். முடிந்த பிறகு அரை மணி நேரம் பேச விடுங்கள். சென்ற வாரம் எழுதிய வாசகரும் வரட்டும், நானும் வருகிறேன். கதிரை, மண்டப ஒழுங்கு என்று என்ன உதவி தேவைப்பட்டாலும் செய்யத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகர்,
களுவாஞ்சிக்குடி