ஏழரைக்கு மூடும் வாயிற்கதவு: கிழக்கு மாகாணக் கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாகாணக் கல்வித் திணைக்களத்தினருக்கும் திருகோணமலை மாவட்டத்தின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

மூதூர்ப் பக்கத்துப் பாடசாலைகளில் 26 வருடம் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற நான், பத்தாந் தரத்தோடு நம் கையைவிட்டுப் போகும் பிள்ளைகளைப் பற்றி இதை எழுதுகிறேன்.

வாடை ஓய்ந்து கடல் அடங்கியதும் எங்கள் வரவு இடாப்பில் ஆண்பிள்ளைகளின் வரிசை வெறுமையாகத் தொடங்கும். விடியற்புறம் கரைவலை இழுத்து, பங்கு மீனை வீட்டில் கொடுத்துவிட்டு, முழங்கால் வரை மணல் ஒட்டியிருக்க 8.15க்கு வந்து நின்ற ஒரு பையனை நான் மறக்கவில்லை. வாயிற்கதவு ஏழரைக்கே மூடப்பட்டிருந்தது. கம்பிக்கு வெளியே நின்று முதலாம் பாடம் முடியும் மணியைக் கேட்டான். மூன்றாம் நாள் வரவில்லை. அவனைக் கூட்டிவர ஒருவரும் போகவில்லை. பலவீனமான பிள்ளை ஒன்று குறைந்தால், பதினோராந் தர முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் சித்தி வீதம் கூடும் என்று உள்ளூர நிம்மதி அடைந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுள் நானும் ஒருவன் என்பதை மறைப்பது முறையல்ல.

கட்டாயக் கல்வி வயது 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. மறுவருடம் 42 பாடசாலைகளில் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம், சாதாரண தரத்தில் சித்தியடையாதவர்களுக்கும் தொழிற்பாடத் துறையில் இடம் தந்தது. நல்ல திட்டந்தான். ஆயினும் அதன் வாசல் பதினோராந் தரத்துக்கு அப்பால் இருப்பதால், ஒன்பதிலும் பத்திலும் நின்றுவிடுகிறவன் அங்கே போய்ச் சேர்வதில்லை. முறைசாராக் கல்வியின் எழுத்தறிவு வகுப்பும் அவனுக்கானதன்று. அவனுக்கு வாசிக்கத் தெரியும், பரீட்சை வரை போக வழிதான் இல்லை.

வேலைக்குப் போகும் இளையோருக்காகக் கலிபோர்னியா மாநிலம் 1919 முதல் தொடர்கல்விப் பள்ளிகளை நடத்திவருகிறது. வாரத்துக்கு 15 மணித்தியாலம் வந்தாலே போதும். தவறிய பாடங்களைத் தம் வேகத்தில் முடித்து உயர்நிலைச் சான்றிதழ் பெறலாம். குழப்படிக்காரரைத் தள்ளிவிடும் இடமாக அவை ஆகிவிடுகின்றன என்ற குறையும் அங்கே நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது.

ஆகவே நான் தனிக் கட்டடம் கேட்கவில்லை. பெயர் கெட்ட இடத்துக்கு எந்தத் தாயும் பிள்ளையை அனுப்பமாட்டாள். மூதூர், கிண்ணியா வலயங்களில் ஏற்கெனவே இருக்கின்ற பாடசாலைகளிலே, கிழமை நாட்களில் பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை ஒரு வகுப்பைத் தொடங்குங்கள். தாய் வெளிநாடு போனதால் வீட்டைச் சுமக்கும் பெண்பிள்ளைகள், சின்னவர்களையும் கூட்டிக்கொண்டு வர அனுமதியுங்கள். இவ்வகுப்புக்கு வரும் எல்லோரும் சாதாரண தரத்துக்குப் பாடசாலைப் பரீட்சார்த்திகளாகவே விண்ணப்பிக்கட்டும். தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தாமே படிவம் நிரப்பச் சொன்னால் பலர் முடிவுத் திகதியைத் தவறவிடுவார்கள்.

ஆசிரியர்களைத் தண்டனை இடமாற்றமாக அங்கே அனுப்ப வேண்டாம். விரும்பி வருகிறவர்களைக் கேளுங்கள். செவ்வாயும் வியாழனும் கணிதத்துக்கு என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். கொடுப்பனவு தேவையில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், திருகோணமலை